கேள்வி பதில்: குதிரையேறி வந்த கோர்ட்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, ‘லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன்பு 24 வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய சாதாரண வக்கீல்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. சட்டம் படிக்கிறவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், வாய்தா வாங்கியே சலித்துப்போன கட்சிக்காரர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். சரி, சினிமா, அரசியல் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள சங்கமன் கவுண்டியும் அதைச் சுற்றியிருந்த கவுண்டிகளும்தான். கவுண்டி என்றால் நம் ஊர்ப் பெரிய தாலுகா ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கமன் கவுண்டியின் தலைமை ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு. அங்கே ஆரம்ப காலத்தில் கறுப்புக் கோட்டு மாட்டியவர்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கே: லா காலேஜ் பக்கமே போகாமல் லிங்கன் வக்கீல் ஆனாராமே! அப்படியானால் யார் வேண்டுமானாலும் கேஸ் நடத்தலாமா?
— சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

ப: தம்பி, செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது இப்படிக் கேள்வி வருவது இயற்கைதான். கல்லூரி தேவையில்லை, ஆனால் இரண்டு படி ஏறியாக வேண்டும். ‘இவர் நல்ல நடத்தை உள்ளவர்’ என்று கோர்ட்டில் ஒரு சான்று வாங்க வேண்டும். அதை வைத்து மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேரிடம் லைசென்ஸ் பெற வேண்டும். லிங்கனுக்குச் சான்று கிடைத்தது 1836 மார்ச்சில், லைசென்ஸ் செப்டம்பரில், வக்கீல் பட்டியலில் பெயர் ஏறியது 1837 மார்ச் 1 அன்று. அதுவரை நியூ சேலம் என்ற குக்கிராமத்திலிருந்து 20 மைல் தள்ளி இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய், ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீலிடம் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கி வந்து படித்தார். அந்த ஊர்களில் புத்தகமே அபூர்வம். ஒரு வக்கீலிடம் பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்கமும் மாநிலச் சட்டத் தொகுப்பும் இன்னும் நாலைந்து தடித்த புத்தகமும் இருந்தால் அவர் பெரிய ஆள்.

பிறகு லிங்கனே பரீட்சை வைக்கும் இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? ஜொனாதன் பர்ச் என்ற இளைஞர் தேர்வுக்காக ஓட்டல் அறைக்குப் போனார். லிங்கன் குளித்துக்கொண்டே, ஒப்பந்தம் என்றால் என்ன என்பதுபோல் நாலைந்து கேள்வி கேட்டார், அப்புறம் தன் பழைய கதைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடைசியில் நீதிபதி ஸ்டீபன் லோகனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பையன் வக்கீலாக முடியும் என்று நினைக்கிறான், வேண்டுமானால் நீங்களும் சோதித்துப் பாருங்கள், பார்க்கிறதைவிடப் புத்திசாலி என்பது அதன் சாரம். லோகன் அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சான்று கொடுத்துவிட்டார். இதைப் பர்ச் பின்னாளில் தானே சொல்லியிருக்கிறார். உங்கள் பேராசிரியரிடம் இந்தக் கதையைக் காட்டி மதிப்பெண் கேட்காதீர்கள்.

கே: வக்கீலும் ஜட்ஜும் ஒரே வண்டியில் வந்து, ஒரே ஓட்டலில் தங்கி, ஒரே மேஜையில் சாப்பிடுவார்களாமே? 31 வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தவன் நான், நம்ப முடியவில்லை.
— ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், திருநெல்வேலி

ப: ஐயா, இன்னும் இருக்கிறது, கேளுங்கள். வக்கீல்கள் ஒரே கட்டிலில் இரண்டு இரண்டு பேராகப் படுத்தார்கள்.

காரணம் எளிது. கவுண்டிக்குக் கவுண்டி நிரந்தரமாக ஒரு ஜட்ஜை உட்கார வைக்க அங்கே பணமும் இல்லை, அந்த அளவுக்கு வழக்கும் இல்லை. சங்கமன் கவுண்டி 1821-இல் உருவானது. முதல் கோர்ட் கட்டிடத்துக்கு ஜான் கெல்லி என்பவருடன் ஒப்பந்தம் போட்டார்கள்: 20 அடி நீள மரங்களை அடுக்கிய ஒற்றை அறை, பலகைத் தரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், கூலி 42 டாலர் 50 சென்ட். அவ்வளவுதான் நீதி தேவதையின் அரண்மனை! அதனால் பல கவுண்டிகளைச் சேர்த்து ஒரு ‘சர்க்யூட்’ ஆக்கி, ஒரே நீதிபதியை வசந்த காலத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று என்று அனுப்பினார்கள். சங்கமன் கவுண்டி இருந்த எட்டாவது சர்க்யூட்டில் ஒரு கட்டத்தில் 14 கவுண்டிகள். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய மூன்று மாதம். ஓர் ஊரில் இரண்டு நாள், இன்னோர் ஊரில் ஒரு வாரம், முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

1848 முதல் 1862 வரை இந்தச் சர்க்யூட்டின் நீதிபதி டேவிட் டேவிஸ், மெக்லீன் கவுண்டியில் ப்ளூமிங்டன் ஊர்க்காரர். எடை 300 பவுண்டுக்கு மேல். இரட்டைக் குதிரை பூட்டிய சொந்த வண்டியில் வருவார். உடலின் பருமன் காரணமாக அவருக்கு மட்டும் தனிக் கட்டில்; பதவி மரியாதையைவிட இடப் பிரச்சினைதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்த மனிதர் நீதிபதி ஆவதற்கு முன்பு, வக்கீலாகச் சுற்றிய காலத்திலேயே, மூட்டைப்பூச்சியும் கொசுவும் தன்னைத் தின்கின்றன என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியவர். ஆனாலும் 14 வருஷம் விடாமல் சுற்றினார். மற்ற வக்கீல்கள் பெரும்பாலும் தங்கள் ஊரைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று கவுண்டிகளோடு நின்றுவிடுவார்கள். நீதிபதியோடு முழுச் சுற்றும் போனவர் லிங்கன், கையில் ஒரு துணிப்பை, கைப்பிடி போன, கயிறு போட்டுக் கட்டிய வெளுத்த பச்சைக் குடை. ரயில் வந்த பிறகு மற்றவர்கள் சனிக்கிழமை வீட்டுக்கு ஓடுவார்கள், இவர் ஓட்டலிலேயே இருந்துவிடுவார். ஏன் என்று கேட்டு அடுத்த கடிதம் எழுதாதீர்கள், அது அவர் குடும்ப விஷயம்.

சாப்பாட்டு மேஜையில் நீதிபதி, வக்கீல், ஜூரி, சாட்சி, ஜாமீனில் வந்த குற்றவாளி எல்லாருக்கும் ஒரே பந்தி. மேல்முனை நீதிபதிக்கும் வக்கீல்களுக்கும். லிங்கன் ஒருநாள் கீழ்முனையில் போய் உட்கார, ஓட்டல்காரர் பதறிப்போய், ‘அங்கே ஏன், மேலே வாங்க’ என்று கூப்பிட்டாராம். ‘மேலே சாப்பாடு ஏதாவது நன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் நான் இங்கேயே இருக்கிறேன்’ என்றாராம்.

ராத்திரி ஆனால் டேவிஸ் அறையில் கூட்டம் கூடும். அங்கே பொய்க் கோர்ட் ஒன்று நடக்கும், பகலில் தப்பு செய்த வக்கீலுக்கு அங்கே விசாரணை, அபராதம். வார்டு ஹில் லேமன் என்ற வாட்டசாட்டமான வக்கீல், கோர்ட்டுக்கு வெளியே மல்யுத்தம் பிடித்ததில் கால்சட்டையின் பின்புறம் கிழிந்துபோய், மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்து வாதாட எழுந்தார். குறும்புக்கார வக்கீல் ஒருவர், ஏழை வக்கீலுக்கு ஒரு கால்சட்டை வாங்க நன்கொடை என்று தாளைச் சுற்றுக்கு விட்டார். லிங்கன் அதில், ‘கண்ணுக்குத் தெரியும் எண்டுக்கு என்னால் எதுவும் கொடுக்க முடியாது’ என்கிற மாதிரி எழுதினார். எண்ட் என்றால் நோக்கம், எண்ட் என்றால் பின்பக்கமும்தான். தமிழில் பாதிதான் வருகிறது, மன்னியுங்கள்.

கே: வருமானம் எப்படி? எங்கள் வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார், அதனால் கேட்கிறேன்.
— வாசகி, சேலம்

ப: அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆரம்பத்தில் ஒரு கேஸுக்கு 5 டாலர், கொஞ்சம் பெரிதென்றால் 10. ஸ்டூவர்ட்டும் லிங்கனும் சேர்ந்து வைத்திருந்த கணக்குப் புத்தகத்தில், ஒரு கட்சிக்காரர் ஃபீஸுக்குப் பதிலாக ஸ்டூவர்ட்டுக்குக் கோட்டு கொடுத்ததாகவும் அதன் மதிப்பு 15 டாலர் என்றும் வரவு எழுதியிருக்கிறது. நீதிபதிக்கு 1848-ஆம் வருஷ அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 1,000 டாலர்தான், அந்தச் சம்பளத்தில் டேவிஸ் பணக்காரர் ஆகவில்லை. நிலம் வாங்கிப் போட்டுத்தான் ஆனார். வழக்குகளில் பாதிக்கு மேல் கடன் பாக்கி, புரோநோட்டு. காசு கையில் இல்லாத ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கடன்காரர்கள்.

லிங்கன் ஃபீஸைக் குறைத்து வாங்குவது மற்றவர்களுக்குப் பெரிய எரிச்சல். ஒருமுறை மனநிலை சரியில்லாத ஒரு பெண்ணின் சொத்து வழக்கில் லேமன் முன்கூட்டியே 250 டாலர் பேசி முடித்திருந்தார். கேஸ் கொஞ்ச நேரத்தில் ஜெயித்துவிட்டது. லிங்கன் பாதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் என் பங்கைத் தொடுவேன் என்று நின்றார். டேவிஸுக்குக் கோபம், இப்படிச் சில்லறை வாங்கி எங்கள் வக்கீல் கூட்டத்தையே பிச்சைக்காரர்கள் ஆக்கிவிடுவாய் என்று நீதிபதியே திட்ட, ராத்திரிப் பொய்க் கோர்ட்டில் லிங்கனுக்கு அபராதம். இது லேமன் எழுதி வைத்தது. வக்கீல் கூட்டத்தின் ஃபீஸ் குறையக் கூடாது என்று நீதிபதி கவலைப்படுவது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் படுகிறது.

அதே மனிதர் பெரிய கம்பெனியிடம் விட்டுக் கொடுக்கவில்லை. மெக்லீன் கவுண்டி வரி போட முடியாது என்று இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்காக வாதாடி 1856-இல் ஜெயித்தார், 5,000 டாலர் கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. கேஸ் போட்டார். விசாரித்த நீதிபதி யார்? டேவிஸ்தான். முன்பணம் 200 போக 4,800 டாலர் தீர்ப்பானது. பாதியைக் கூட்டாளி ஹெர்ண்டனுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அதே ரயில்வேக்குக் கேஸ் நடத்தினார், அதுதான் வேடிக்கை.

கே: லிங்கனின் சீனியர் யார்? ஜூனியரை நன்றாக நடத்தினாரா?
— ஒரு ஜூனியர், மதுரை

ப: (பெயர் போடாதீர்கள் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார், போடவில்லை.) முதலில் ஸ்டூவர்ட், 1837 முதல் 1841 வரை. நல்ல மனிதர், ஆனால் கவனமெல்லாம் அரசியலில். 1838-இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்டீபன் டக்ளஸை எதிர்த்து நின்று வெறும் 36 ஓட்டில் ஜெயித்து வாஷிங்டன் போனார். அந்தத் தேர்தலில் ஒரு நாள் இருவரும் கைகலந்தார்கள். ஸ்டூவர்ட் குள்ளமான டக்ளஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்தையைச் சுற்ற, டக்ளஸ் கட்டைவிரலைக் கடித்துவிட்டார். கடித்தவரும் வக்கீல், கடிபட்டவரும் வக்கீல். கடித்தவர் மூன்று வருஷத்துக்குள் 27 வயதில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி! சீனியர் வாஷிங்டன் போனதும் ஆபீஸ் முழுவதும் ஜூனியர் தலையில்.

அடுத்தவர் லோகன், உண்மையான ஆசான் அவர்தான். நீதிபதியாக இருந்து ராஜினாமா செய்தவர், சின்ன உருவம், கீச்சுக் குரல், கசங்கிய உடை, ஆனால் பிராதில் ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டார். பேச்சுத் திறமையை மட்டும் நம்பிக்கொண்டிருந்த லிங்கனுக்குக் கேஸ் கட்டைப் படித்துத் தயாராகும் பழக்கம் இவரிடம்தான் வந்தது. 1844-இல் தன் மகனைக் கூட்டாளியாக்க வேண்டும் என்று பிரிந்துகொண்டார். இது உங்களுக்கு நன்றாகவே புரியும் என்று தோன்றுகிறது.

பிறகு லிங்கனே சீனியர், ஜூனியர் வில்லியம் ஹெர்ண்டன். சரிபாதிப் பங்கு, ஜூனியருக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் ஆபீஸ் குப்பை மேடு. விவசாயிகளுக்குக் கொடுக்க வாஷிங்டனிலிருந்து வந்த விதை, மூலையில் சேர்ந்த மண்ணில் முளைத்தே விட்டதாம். முக்கியமான தாள்கள் லிங்கனின் உயரத் தொப்பிக்குள் இருக்கும். மேஜையில் ஒரு கட்டு, அதன் மேல், வேறெங்கும் கிடைக்கவில்லையென்றால் இதில் பார் என்று எழுதியிருக்கும். காலையில் வந்ததும் சோபாவில் நீட்டிப் படுத்துப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பையன்கள் வந்து மைக்கூட்டைக் கவிழ்ப்பார்கள், அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அந்தக் கழுத்துகளைத் திருக வேண்டும் போலிருந்தது என்று ஹெர்ண்டன் வயதான காலத்தில்கூட எழுதினார்.

கே: பெண் வக்கீலே இல்லையா?
— வாசகி, கோவை

ப: அந்தத் தலைமுறையில் இல்லை. பக்கத்து மாநிலமான அயோவாவில், ஹென்றி கவுண்டி மவுண்ட் ப்ளெசன்ட் ஊரில், அரபெல்லா மான்ஸ்ஃபீல்டு 1869-இல் வக்கீல் ஆனார், நாட்டிலேயே முதல் பெண் வக்கீல். சட்டத்தில் ‘வெள்ளை இன ஆண்’ என்றுதான் இருந்தது. ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று நீதிபதி பிரான்சிஸ் ஸ்பிரிங்கர் பொருள் கொண்டார். இல்லினாயில் மைரா பிராட்வெல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது, 1873-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அப்போது அங்கே நீதிபதியாகிவிட்டிருந்த நம் டேவிஸும் அந்தப் பெரும்பான்மையில் ஒருவர். இரண்டு மாநிலம், ஏறக்குறைய ஒரே நேரம், சட்டத்தில் ஒரு சொல்லைப் படித்த விதம் மட்டும் வேறு.

கே: அடிமை முதலாளிக்காக லிங்கன் வாதாடினார் என்று ஒருவர் சொல்கிறார். பொய்தானே?
— வாசகர், புதுச்சேரி

ப: பொய் இல்லை. 1847, கோல்ஸ் கவுண்டி. ராபர்ட் மேட்சன் என்பவர் அடிமை முறை இருந்த கென்டக்கி மாநிலத்துக்காரர், அது தடை செய்யப்பட்டிருந்த இல்லினாயில் இருந்த தன் பண்ணைக்கு அடிமைகளை அழைத்து வந்து வேலை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஜேன் பிரயண்ட் என்ற பெண் பிள்ளைகளோடு ஓடிப்போய், அடிமை முறையை எதிர்த்த உள்ளூர்க்காரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். லிங்கன் மேட்சன் பக்கம் நின்றார், தோற்றார். நீதிபதிகள் வில்சனும் ட்ரீட்டும் அந்தக் குடும்பத்தை விடுவித்தார்கள். இதே லிங்கன் 1841-இல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண் சுதந்திரமானவர் என்று நிலைநாட்டும் வழக்கை மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவரும்கூட. வந்த கட்சிக்காரரை மறுப்பதில்லை என்பது அந்த ஊர் வக்கீல்களின் வழக்கம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த வழக்கில் நான் மதிப்பது நீதிபதிகளை.

கே: நிலாவை வைத்து ஜெயித்த கேஸ் நிஜமா?
— வாசகர், தஞ்சாவூர்

ப: நிஜம். 1858 மே 7, காஸ் கவுண்டி பியர்ட்ஸ்டவுன். டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பையன் மீது கொலைக் குற்றச்சாட்டு. ராத்திரி 11 மணிக்கு நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார், அந்த நேரத்தில் நிலா அடிவானத்துக்குக் கிட்டே இறங்கிவிட்டிருந்தது. விடுதலை. பையனின் தாயிடம் ஃபீஸ் வாங்கவில்லை, லிங்கன் இளமையில் அந்தத் தாய் கையால் சாப்பிட்டவர். அந்தக் கோர்ட் கட்டிடம் இன்றும் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது மெட்டமோரா என்ற ஊரில் நடந்த கதை. 1857-இல் கணவனைக் கொன்றதாக 70 வயது மெலிசா கோயிங்ஸ் மீது வழக்கு. லிங்கனோடு பேசக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள், பிறகு கிழவியைக் காணவில்லை. நீங்கள்தான் ஓட வைத்தீர்கள் என்று லிங்கனைக் கேட்க, ‘நல்ல குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார், டென்னசியில் நன்றாக இருக்கும் என்று சொன்னேன்’ என்றாராம். அவர் தப்பியது பதிவில் இருக்கிறது, தண்ணீர் கதை ஊரார் சொல்வது. அடுத்த வருஷம் கேஸைக் கைவிட்டார்கள், யாரும் தேடிப் போகவில்லை.

கே: ஜட்ஜும் வக்கீலும் இவ்வளவு சிநேகம் என்றால் நியாயம் எங்கே இருந்திருக்கும்?
— அதே திருநெல்வேலிக்காரர், இரண்டாவது கடிதம்

ப: ஐயா, இதைத்தான் நானும் நினைத்துக்கொண்டே இவ்வளவும் எழுதினேன். டேவிஸுக்கு வேலை இருந்தால் லிங்கனையே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவார், இன்று நடந்தால் எவ்வளவு ரகளை! 1860-இல் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டில் லிங்கனை ஜனாதிபதி வேட்பாளராக்க ராப்பகலாக உழைத்தவர் டேவிஸ். 1862-இல் லிங்கன் அவரை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கைமாறு என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

ஆனால் 1866-இல் வந்த மில்லிகன் வழக்கைப் பாருங்கள். உள்நாட்டுப் போரின்போது இந்தியானா மாநிலத்துச் சிவிலியன் ஒருவரை ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுத்திருந்தது, லிங்கன் அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. சாதாரணக் கோர்ட்டுகள் திறந்திருக்கும் இடத்தில் ராணுவ நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தீர்ப்பு எழுதியவர் டேவிஸ். அப்போது லிங்கன் உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் சத்தியம் செய்யமாட்டேன்.

இன்னொன்று. ஊருக்கெல்லாம் சொத்து வழக்கு நடத்திய லிங்கன் உயில் எழுதி வைக்காமலே போனார். மகன் ராபர்ட் கூப்பிட்டது டேவிஸைத்தான். உச்ச நீதிமன்ற நீதிபதி, சங்கமன் கவுண்டி கோர்ட்டில் மனுப் போட்டு, அந்தச் சொத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் நிர்வாகம் செய்தார், கணக்கு முடிந்தபோது அது 1,10,000 டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. நிர்வாகிக்குச் சட்டப்படி 6,000 டாலருக்கு மேல் கமிஷன் உண்டு. சில்லறை வாங்கி எங்களைப் பிச்சைக்காரர்கள் ஆக்குகிறாய் என்று லிங்கனைத் திட்டியவர் அதில் ஒரு சென்ட் எடுக்கவில்லை.